டீச்சர் பதில்கள்: பனிக்கு அடியில் ஒரு சுறா

(கடல், மீன், கரை பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் சின்னத்துறையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை பதில் சொல்கிறார்.)

டீச்சர், டிவியில் தமிழில் டப் செய்த ஒரு சுறா படம் பார்த்தேன். ஆர்க்டிக்கில் உறைந்துபோன கடலின் மேல் ஓர் ஆராய்ச்சி முகாம். சுறாக்கள் பனியைக் கீழே இருந்து முட்டி உடைத்து, ஆட்களையும் நாய்களையும் இழுத்துக்கொண்டு போகின்றன. கிராபிக்ஸ் ரொம்ப மோசம். அதை விடுங்கள், அப்படி ஒரு சுறா உண்மையிலேயே இருக்கிறதா?
— பிளஸ் டூ மாணவர், கருங்கல்

இருக்கிறது மக்களே. பனிக்கு அடியில் வாழும் சுறா இருப்பது உண்மை. அது பனியை உடைத்துக்கொண்டு மேலே வரும் என்பதுதான் பொய்.

அதன் பெயர் கிரீன்லாந்து சுறா. ஆர்க்டிக்கிலும் வட அட்லாண்டிக்கிலும் இருக்கிறது. கடல்நீர் உறைவது ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரியில். அந்தக் குளிரிலும் இது சாதாரணமாக நடமாடும். 2,000 மீட்டருக்கும் கீழே இதைப் பார்த்திருக்கிறார்கள். 5 மீட்டர், சில சமயம் 6 மீட்டருக்கு மேலும் வளரும். நம் விசைப்படகுகளில் ஏற்றிய எந்தப் புலிச்சுறாவின் பக்கத்திலும் தாராளமாகப் படுக்க வைக்கலாம்.

ஆனால் அதன் வேகத்தைக் கேள். சாதாரணமாக நீந்தும்போது விநாடிக்கு 30 சென்டிமீட்டர் சுமார். மணிக்கு ஒரு கிலோமீட்டரும் சொச்சமும். வேகம் பிடித்தாலும் மணிக்கு 3 கிலோமீட்டரைத் தொடாது. குளச்சல் சந்தையில் கூடையோடு நடக்கும் அம்மாமார் அதைவிட வேகமாகப் போவார்கள். இந்த வேகத்தில் வரும் மீன் முட்டி, மனிதரும் வண்டியும் நிற்கும் பனி உடைய வழியே இல்லை. பனியை முட்டி உடைக்கும் உயிர் அந்தக் கடலில் ஒன்று உண்டு. வில்தலைத் திமிங்கிலம் தன் பெரிய மண்டையால் உடைக்கும். அதற்கு மூச்சு விட வேண்டும், அதனால் மேலே வந்தே ஆக வேண்டும். சுறாவுக்குச் செவுள் இருக்கிறது. தண்ணீரிலேயே மூச்சு நடக்கும்போது அது பனியோடு சண்டை போட வேண்டிய அவசியம் என்ன?

அந்தப் படத்தில் பனிப்பிளவு வழியே முக்கோணத் துடுப்பு ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிருக்கும். இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் காட்சி இருக்கும். அது வெள்ளைச் சுறாவின் முதுகுத் துடுப்பு. கிரீன்லாந்து சுறாவுக்கு முதுகுத் துடுப்பு சின்னது, உடம்பும் உருண்டு தளர்ந்தது. அதன் கண்ணில் பெரும்பாலும் ஒரு ஒட்டுண்ணி தொங்கிக்கொண்டிருக்கும், இறாலின் தூரத்துச் சொந்தம். அது கண்மணிக்கு முன்னால் உள்ள கண்ணாடித் தோலைச் சேதப்படுத்திவிடும். சுறா பெரும்பாலும் மோப்பத்தை நம்பித்தான் இருட்டில் போகிறது என்று கருதுகிறார்கள். அதன் வயிற்றில் சீல் இருந்திருக்கிறது, பனிக்கரடியின் மிச்சம்கூட இருந்திருக்கிறது. இவ்வளவு மெதுவான மீன் சீலை எப்படிப் பிடிக்கிறது என்பது ஆய்வாளர்களுக்கே பெரிய கேள்வி. கரடிக்குப் பயந்து தண்ணீரிலேயே தூங்கும் சீல்களை இருட்டில் நெருங்கிப் பிடிக்கலாம் என்று கணிக்கிறார்கள். இந்த ஒரு காட்சியை ஒருவர் ஒழுங்காகப் படமாக்கினால் எனக்கு இரவில் தூக்கம் வராது.

இனிமேல்தான் நான் உன்னிடம் சொல்ல நினைத்த செய்தி. சுறாவுக்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான் என்று உனக்குப் பாடத்தில் உண்டு. பல சுறாக்களின் முதுகுத்தண்டில் வளையம் எண்ணி வயதைக் கண்டுபிடிக்கலாம். கிரீன்லாந்து சுறாவில் அதுவும் முடியாது, அவ்வளவு மென்மை. அதனால் கண் லென்ஸின் நடுப்பகுதியை எடுத்தார்கள். அது குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, அதற்குப் பிறகு மாறாமல் இருக்கும் பகுதி. அதில் உள்ள கதிரியக்கக் கார்பனை அளந்தார்கள். 28 பெண் சுறாக்களைப் பார்த்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு அது. அவற்றில் மிகப் பெரியது 5 மீட்டர் நீளம், வயது 392. கூடவோ குறையவோ 120 ஆண்டு வித்தியாசம் இருக்கலாம் என்றார்கள். சரி, 120-ஐக் கழித்துவிடு. 272 வருகிறது. கணக்குப் போட்டுப் பார். மார்த்தாண்ட வர்மா குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது 1741-ல். அந்தக் காலத்தை ஒட்டி அந்தச் சுறா குட்டியாக இருந்திருக்க வேண்டும்! குளச்சலில் நிற்கும் வெற்றித்தூணை அடுத்த முறை பார்க்கும்போது இதை நினைத்துக்கொள். முதுகெலும்புள்ள உயிர்களில் இதைவிட அதிகக் காலம் வாழ்வதாகத் தெரிந்த ஒன்று இல்லை.

கிராபிக்ஸ் மோசம் என்று எழுதியிருந்தாய். அது பணம் இல்லாத குறை, அதற்காக நான் யாரையும் திட்டமாட்டேன். இப்படிப்பட்ட ஓர் உயிர் கையில் இருக்கும்போது, அதன் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு மீனின் பல்லையும் வேகத்தையும் ஒட்டவைத்தார்களே, அதுதான் எனக்கு வருத்தம். படித்துப் பார்க்கப் பணம் வேண்டாம்.

அந்த மாதிரி ஒரு படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் எட்டு வயது மகன் கடல் பக்கம் வரமாட்டேன் என்கிறான். அவன் அப்பா ஆழ்கடலுக்குப் போகிறவர். ‘அப்பாவைச் சுறா தின்னுடுமா’ என்று ராத்திரி அழுகிறான். என்ன சொல்லித் தேற்றுவது?
— ஒரு தாய், குளச்சல்

முதலில், பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் கேலி செய்ய விடாதீர்கள். கடலுக்குப் போன அப்பாவை நினைத்துப் பயப்படுவது நம் வீடுகளில் பிறந்த எல்லாரும் பட்ட பயம். நானும் பட்டிருக்கிறேன். என் அப்பா கொச்சி தோப்பும்படியிலிருந்து சுறாத் தொழிலுக்குப் போனவர். தூத்தூர் பக்கத்து ஆட்கள் சுறாவுக்குப் பேர் போனவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். லட்சத்தீவு தாண்டி, குஜராத் கடல் வரைக்கும் ஆயிரங்கால் தூண்டில் போட்டவர்கள். சுறா உன்னைக் கடிக்காதா என்று நான் கேட்டால் அவர் சொல்லுவார்: “நம்மளத் தேடி அது வராது மக்ளே, நாமதான் அதத் தேடிப் போறோம்.”

அவர் சொன்னதைத்தான் கணக்கும் சொல்கிறது. மனிதர் சீண்டாமல் சுறா தானாகக் கடித்த சம்பவங்கள் உலகம் முழுவதிலும் சேர்த்து ஆண்டுக்கு 60, 70 அளவில்தான் பதிவாகின்றன. அதில் உயிர் போவது மிகச் சிலருக்கு. மனிதர் கொல்லும் சுறாக்கள் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி என்று 2013-ல் ஒரு மதிப்பீடு வந்தது. கிரீன்லாந்து சுறா மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை.

ஆனால் எட்டு வயதுக்கு எண்கள் போதாது. அப்பா கரைக்கு வந்திருக்கும் நேரத்தில் பிள்ளையைப் படகுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தூண்டில் கயிறு எங்கே சுற்றி வைப்பார்கள், மிதவை எது, ஐஸ் அறை எது, வயர்லெஸ் எப்படிப் பேசும், லைஃப் ஜாக்கெட் எங்கே தொங்குகிறது என்று அப்பா தன் வாயால் காட்டட்டும். சுறாவின் தாடை யார் வீட்டிலாவது இருந்தால் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டுப் பார்த்ததைப் பற்றிய பயம் சீக்கிரம் குறையும்.

கடலில் ஒன்றுமே ஆகாது என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். 2017 நவம்பர் 30-ல் ஓகி வந்தபோது இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்று அவனுக்கு ஒருநாள் தெரியவரும். நம் ஆட்களைக் கடலில் கொண்டுபோனது காற்றும் அலையும், இருட்டில் வந்து மோதும் கப்பலும். அதனால்தான் அப்பா வானிலைச் செய்தி கேட்கிறார், விளக்குப் போடுகிறார், ஜாக்கெட் வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அப்பா கவனமாக இருக்கிறார் என்பதை அவன் கண்ணால் பார்த்தால் நிம்மதியாகத் தூங்குவான்.

படத்தில் கதாநாயகன் உடைந்த பனிக்குள் விழுந்து, சுறாவோடு சண்டை போட்டு, நீந்தி, மறுபக்கம் ஏறி வந்து வசனம் பேசுகிறார். நடக்குமா?
— ஓர் ஆட்டோ ஓட்டுநர், தக்கலை

நடக்காது. அந்தக் குளிரில் விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சே நம் கையில் இருக்காது. அடக்க முடியாமல் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அதைத் தாண்டினால் சுமார் 10 நிமிடம் கையும் காலும் சொன்னதைக் கேட்கும். அப்புறம் விரல் மடங்காது, பிடி நிற்காது. உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். குளிர்நாட்டு மீட்புப் பயிற்சியில் இதை ஒன்று, பத்து, ஒன்று என்றே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

விழுந்தவர் எந்தத் திசையிலிருந்து நடந்து வந்தாரோ அந்தப் பக்கமே திரும்ப வேண்டும், ஏனென்றால் அதுவரை தாங்கிய பனி அது. கையைப் பனிமேல் நீட்டி, காலை உதைத்து, சீல் ஏறுவது போல வயிற்றால் ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது, படுத்தபடியே உருண்டு போக வேண்டும். படம் எடுத்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் போதுமே! சுறாவே வேண்டாம், ஒரு கடிகாரம் இருந்தால் நாம் இருக்கையில் அசையமாட்டோம்.

கிரீன்லாந்து சுறாவைச் சாப்பிட முடியுமா?
— சமையல் வேலை செய்பவர், மார்த்தாண்டம்

பிடித்த கையோடு சமைத்தால் உடம்புக்கு ஆகாது. அதன் சதையில் யூரியாவும், டிரைமெத்தில் அமின் ஆக்சைடு என்ற பொருளும் ஏராளம். குளிரிலும் ஆழத்திலும் அதன் உடம்பைக் காப்பாற்றுவதே அவைதான், தின்றால் நமக்கு விஷம். ஐஸ்லாந்தில் அதைச் சரளை மண்ணில் புதைத்து, மேலே கல் ஏற்றி, வாரக்கணக்கில் புளிக்கவிட்டு, பிறகு மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுச் சாப்பிடுவார்கள். அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். நம் சுறாவும் ஐஸ் சரியாக இல்லாமல் கிடந்தால் அதே நெடி அடிக்கும், காரணமும் அதே யூரியாதான். பால்சுறா புட்டுக்கு மீன் வாங்கும்போது மோந்து பார்த்து வாங்குவது அதற்காகத்தான்.

நான் தூண்டில் தொழிலுக்குப் போகிறவன். எங்களுக்குச் சுறா பிடிபடுவது வருடத்துக்கு வருடம் குறைகிறது. ஆனால் டிவியைத் திறந்தால் சுறா கூட்டம் கூட்டமாக வருகிறது, பனியிலும் வருகிறது, மணலிலும் வருகிறது. ஜனங்கள் சுறா நிறைய இருக்கிறது, ஒழிய வேண்டியதுதான் என்று நினைக்கமாட்டார்களா?
— வள்ளவிளை மீனவர்

தம்பி, இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது உங்களுடையது.

நினைப்பார்கள். நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். யானை குறைகிறது என்றால் பிள்ளைகள் முகம் வாடும். சுறா குறைகிறது என்றால் “நல்லதுதானே டீச்சர்” என்பார்கள், கடற்கரைப் பிள்ளைகளும் கூட. அந்தப் பதிலை அவர்கள் வாயில் வைத்தது இந்தப் படங்கள்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

சுறா மற்ற மீன் மாதிரி லட்சக்கணக்கில் முட்டை இடாது. பல இனங்கள் சில குட்டிகளைப் போடும், அதுவும் வளர்ந்து பருவத்துக்கு வரப் பல வருடம் ஆகும். இதில் கிரீன்லாந்து சுறா எல்லை. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. நான் சொன்ன அதே ஆய்வின்படி பெண் சுறா பருவத்துக்கு வரவே ஏறத்தாழ 150 ஆண்டு ஆகும். உங்கள் கொள்ளுத்தாத்தா பிறக்கும் முன்னே பிறந்த சுறா இன்னும் ஒரு குட்டி போடாமல் இருக்கலாம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதை ஈரல் எண்ணெய்க்காக ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். நாம் வள்ளத்துக்குப் பூசிய அதே சுறா எண்ணெய்தான் அங்கே விளக்கிலும் எரிந்தது. இன்றும் கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் குளிர்காலத்தில் உறைந்த கடலில் ஓட்டை போட்டு, உங்களைப் போலவே நீளமாகத் தூண்டில் கயிறு இறக்கி, ஹாலிபட் என்ற தட்டை மீனைப் பிடிக்கிறார்கள். பிடித்த மீனை நாய் வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தக் கயிற்றில் கிரீன்லாந்து சுறா வந்து சிக்கிக்கொள்ளும். கயிறும் நாசம், சுறாவும் நாசம். 2020-லிருந்து அழிய வாய்ப்புள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் அது இருக்கிறது.

நம் பக்கம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும், இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2001-ல் எல்லாச் சுறாவையும் பிடிக்கக் கூடாது என்று ஒரே போடாகப் போட்டார்கள். கரை கொந்தளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சில இனங்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். 2015-ல் சுறாப்பீலி, அதாவது சுறாத் துடுப்பு, ஏற்றுமதி நின்றது. 2022 சட்டத் திருத்தத்தில் தடை செய்த இனங்களின் பட்டியல் நீண்டது. நம் ஆட்களிடம் கேட்காமலே ஒவ்வொன்றும் நடந்தது என்ற கோபம் எனக்கும் உண்டு. சுறாத் தொழிலில் வளர்ந்த வீடு எங்களுடையது. ஆனாலும் சொல்கிறேன், சுறா இல்லாத கடலில் உங்கள் பிள்ளைக்குத் தொழில் இருக்காது. எந்த இனம் குறைகிறது, எந்தப் பருவத்தில் குட்டியோடு வருகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். தூண்டிலில் குட்டிச் சுறா உயிரோடு வந்தால் விட்டுவிடுங்கள். வந்த இடம், ஆழம், தேதி எல்லாவற்றையும் படகில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை சட்டம் எழுதுகிறவர்களிடம் அந்த நோட்டை நீட்டிப் பேசலாம்.

நானும் நண்பர்களும் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். உறைந்த கடல், சுறா, நாலு பேர். கையில் பணம் கிடையாது, நாங்கள் யாரும் பனியைப் பார்த்ததும் இல்லை. இதை இங்கேயே எடுக்க முடியுமா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

முடியும் தம்பி, எடுங்கள். பணமில்லாதவர்கள் பனிவெளியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. அலை இல்லை, படகு இல்லை, கூட்டம் இல்லை. கடல்மேல் கேமராவைக் கொண்டுபோவதுதான் பெரிய செலவு, பனி அதை மிச்சப்படுத்திவிடும்.

பனிக்குப் புத்தளம், சாமித்தோப்புப் பக்கத்து உப்பளங்களைப் போய்ப் பாருங்கள். கோடையில் உப்பு குவித்திருக்கும்போது, சூரியன் மறைந்த பிறகு கிடைக்கும் நீல வெளிச்சத்தில் எடுத்தால், தென்னை மட்டும் ஃபிரேமுக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, குவியலில் ஏறாமல் எடுங்கள், அது ஒருவருடைய உழைப்பு. தெர்மாகோலைப் பொடித்துத் தூவவே கூடாது. காற்றில் பறந்து கடலுக்குப் போய் மீன் வயிற்றில் சேரும்.

குளிரை நம்ப வைப்பது வாயிலிருந்து வரும் ஆவி. நம் ஊர் வெயிலில் அது வராது. மீன் பதப்படுத்தும் கம்பெனிகளில் குளிர் அறை இருக்கும். அனுமதி கிடைத்தால் முகத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டும் காட்சிகளை அங்கே எடுத்துவிடுங்கள். கதவுக்கு வெளியே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும், சில நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாரும் வெளியே வர வேண்டும்.

சுறாவை முழுதாகக் காட்ட ஆசைப்படாதீர்கள். 1975-ல் வெளிவந்த ‘ஜாஸ்’ என்ற சுறா படத்தை ஸ்பீல்பெர்க் எடுத்தபோது செய்து வைத்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிப் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் தண்ணீரையும், இழுபடும் மிதவைப் பீப்பாய்களையும், இசையையும் வைத்தே பாதிப் படத்தை ஓட்டினார். உங்களுக்கு அதைவிட நல்லது கையில் இருக்கிறது: பனியில் ஓர் ஓட்டை, அதில் இறங்கும் தூண்டில் கயிறு. கயிறு சும்மா கிடக்கிறது. நாலு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கயிறு மெதுவாக, ரொம்ப மெதுவாக இறுகுகிறது. வேகமாக இழுத்தால் அது வேறு மீன். இந்த மெதுவைத்தான் பார்ப்பவர் தாங்கமாட்டார். பெரிய சுறா கொளுவினால் கயிறு கையில் எப்படி அதிரும் என்று தூத்தூர் பக்கம் எந்தப் பெரியவரிடம் கேட்டாலும் செய்தே காட்டுவார்கள், அவர்களில் ஒருவரை நடிக்கவும் கூப்பிடுங்கள்.

நாலு பேரில் யாரையும் சுறா தின்ன வேண்டாம் என்பது என் ஆசை. பனி தின்னட்டும், குளிர் தின்னட்டும், ஒருவர் இன்னொருவரைக் கைவிட்டதால் சாகட்டும். சுறா கீழே தன் பாட்டுக்குப் போகட்டும், 1741-ல் பிறந்தது, இவர்களுக்காக ஏன் நிற்க வேண்டும்?

கடைசியில் ஒரு நொடி அதைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் வாலைக் காட்டுங்கள். பொம்மை செய்கிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: சுறாவின் வால் பக்கவாட்டில்தான் அசையும். மேலும் கீழும் அசைந்தால் அது ஓங்கில், அதாவது டால்பின். இந்தக் கரையில் ஒரு சின்னப் பிள்ளைகூட அதைக் கண்டுபிடித்துவிடும்.